ஜிப்சியில் கார்புரேட்டர் கோளாறு: மாற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்

பழைய மாருதி ஜிப்சி ஜீப் வைத்திருக்கும் எல்லாரும் ஒரு முறையாவது இதைக் கேட்டிருப்பார்கள்: "கார்பரேட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்." பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் பாகம்தான் கார்புரேட்டர். நானும் கேட்டேன், மாற்றினேன். ஒரு மாதத்தில் அதே கோளாறு திரும்ப வந்தது. இரண்டாவது முறையும் கார்புரேட்டரைத்தான் கைகாட்டினார்கள். கடைசியில் பார்த்தால் பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று புகும் சிறு துளை சேறு அடைத்துக் கிடந்தது. காற்று உள்ளே போகாததால் டேங்க்குக்குள் வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வரவில்லை. மூடியைத் திறந்தால் "உஸ்" என்று சத்தம் வரும், வண்டி இருபது நிமிடம் நன்றாக ஓடும், மறுபடி நிற்கும். மூடியைக் கழுவிப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். கார்புரேட்டரை மாற்றவே கூடாது என்பதல்ல என் பேச்சு. சில நிலைகளில் மாற்றித்தான் ஆக வேண்டும், அதையும் சொல்கிறேன். ஆனால் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

முதலில் எந்த வண்டி என்று தெளிவாக்கிவிடுகிறேன். 1985 கடைசியில் வந்த எம்.ஜி.410, 970 சி.சி. எஞ்சின். 1996-இல் வந்த ஜிப்சி கிங், 1298 சி.சி. இந்த இரண்டுக்கும்தான் இது. 2000-க்குப் பிறகு வந்த கிங்கில் எம்.பி.எஃப்.ஐ., அதாவது மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும் முறை, அதில் கார்புரேட்டரே கிடையாது. ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டியானால் ஆர்.சி. புத்தகத்தை மட்டும் நம்பாமல் பானெட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சின் மாற்றிய வண்டிகள் நிறைய உண்டு.

இந்தக் கார்புரேட்டருக்கு இரண்டு துளை. முதல் துளை எப்போதும் வேலை செய்யும். இரண்டாவது, ஆக்சிலேட்டரை ஆழமாக மிதிக்கும்போது வெற்றிட டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) இழுத்துத் திறக்கும். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு. ஐடிலுக்கு (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும் ஓட்டத்துக்கு) ஸ்லோ ஜெட், சாலை ஓட்டத்துக்கு மெயின் ஜெட், திடீர் மிதிக்கு ஆக்சிலேட்டர் பம்ப், உள்ளே தேங்கும் பெட்ரோலின் மட்டத்துக்கு ஃப்ளோட் என்ற மிதவையும் அதோடு மூடித் திறக்கும் நீடில் வால்வும். இவற்றில் எது பழுதானாலும் வண்டி காட்டும் குறி வேறு. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த அரை மணி நேரம்

கார்புரேட்டரில் கை வைக்கும் முன் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நான்கும் கரியாக, உலர்ந்த கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். நான்கும் வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்று கசிகிறது. ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். நான்கு சிலிண்டருக்கும் ஊட்டுகிற ஒரே கார்புரேட்டர் ஒரு சிலிண்டரை மட்டும் பட்டினி போடாது. பிளக், பிளக் வயர், வால்வு, அல்லது அந்தச் சிலிண்டர் பக்கத்து மேனிஃபோல்டு (கலவையை நான்கு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்) கேஸ்கட்டைப் பாருங்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கட்டும்.

அப்புறம் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே விரிசல், பச்சை படிந்த முனை இருக்கிறதா என்று பாருங்கள். டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) சரியா என்பதையும் பார்த்துவிடுங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று என்னிடம் வந்த வண்டிகளில் பல இந்த இடத்திலேயே சரியாகியிருக்கின்றன.

அடுத்தது பெட்ரோல் வருகிறதா என்பது. கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, பற்றவைப்புச் சுருளின் நடு வயரைப் பிடுங்கி எர்த் செய்துவிட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். விட்டு விட்டுப் பலமாகப் பீச்ச வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். பீச்சல் பலவீனமாக இருந்தால் டேங்க் மூடி, டேங்கிலிருந்து வரும் டியூப், ஃபில்டர், கடைசியாக பம்ப் டயஃப்ரம் என்று பின்பக்கத்திலிருந்து முன்னால் வாருங்கள்.

காலையில் கிளம்பவே மாட்டேன் என்கிறது

ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோக்கை இழுத்துப் பாருங்கள். மேலே இருக்கும் தகடு முழுவதும் மூட வேண்டும். கேபிள் தளர்ந்து முக்கால்வாசி மட்டும் மூடும் வண்டிகளே அதிகம். கிளிப்பைத் தளர்த்திக் கேபிளை இழுத்துப் பூட்டினால் வேலை முடிந்தது.

சோக் சரியாக இருந்து, ரொம்ப நாள் நிறுத்திய வண்டியாக இருந்தால் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். பம்ப் மறுபடி நிரப்பும் வரை செல்ஃப் அடிக்க வேண்டும். அது கோளாறு அல்ல.

சோக்கைத் தள்ளினால் நின்று விடுகிறது

ஜிப்சியில் அதிகம் வருவது இதுதான். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சோக் அரைவாசி இழுத்தபடி இருந்தால்தான் ஐடில் நிற்கிறது. சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது. ஆக, பெட்ரோல் குறைவாக வருகிறது, இல்லையென்றால் கணக்கில் இல்லாத காற்று உள்ளே வருகிறது. இரண்டில் எது என்று பிரிக்க வேண்டும்.

கணக்கில் இல்லாத காற்றை முதலில் தேடுங்கள், ஏனென்றால் அதற்குக் காசு செலவில்லை. எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கார்புரேட்டரின் அடிப்பகுதி, மேனிஃபோல்டு சேரும் இடம், ஒவ்வொரு வெற்றிடக் குழாய் முனை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். எங்கே தெளிக்கும்போது ஓட்டம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. சில பட்டறைகளில் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்துவார்கள். கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும். தண்ணீரே போதும். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்குப் போகும் குழாயையும் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள்.

காற்றுக் கசிவு இல்லை என்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. அதற்கும் முன்னால் ஒன்று. ஐடில் சோலனாய்டு (ஐடிலுக்குப் பெட்ரோலைத் திறந்துவிடும் மின் வால்வு) உள்ள கார்புரேட்டரில் சாவியைத் திருப்பினால் "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையா? வயர் முனை கழன்றிருக்கலாம். பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் கொடுத்துப் பாருங்கள். டிக் கேட்டு ஐடிலும் நின்றுவிட்டால் கோளாறு வயரில், கார்புரேட்டரில் அல்ல. இந்த ஒரு வயருக்காக முழுக் கார்புரேட்டரையும் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஜெட்டைச் சுத்தம் செய்யும்போது கம்பி, ஊசி எதையும் துளைக்குள் விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். அப்புறம் அந்த ஜெட் எழுதியிருக்கும் எண்ணுக்குப் பொருந்தாது. கிளீனர் தெளித்து, கம்ப்ரசர் காற்றில் ஊதி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துளை சுத்த வட்டமாகத் தெரிய வேண்டும். பிடிவாதமான அழுக்குக்கு மீன்பிடி நைலான் நூல் உதவும்.

கரும்புகை, பெட்ரோல் நாற்றம், மைலேஜ் பாதி

ஃப்ளோட் அறையில் பக்கவாட்டில் சிறு கண்ணாடி ஒன்று இருக்கும், நடுவில் வட்டக் குறியோடு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். பெட்ரோல் மட்டம் குறியில் இருக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் நீடில் வால்வு சரியாக மூடவில்லை, இல்லையென்றால் ஃப்ளோட் ஓட்டையாகி மூழ்குகிறது. ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்டால் மாற்றுங்கள். நீடில் முனையில் வளையம் போலத் தேய்மானம் தெரிந்தால் நீடில், சீட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

புதிதாக எலெக்ட்ரிக் பம்ப் பொருத்திய வண்டியில் வேறு காரணம் உண்டு. எஞ்சினோடு வரும் மெக்கானிக்கல் பம்ப் ஏறத்தாழ 3 முதல் 5 பி.எஸ்.ஐ. அழுத்தமே தரும். எம்.பி.எஃப்.ஐ. காரின் பம்ப் அதைப் போலப் பல மடங்கு. அந்த அழுத்தத்தை எந்த நீடிலும் தாங்காது, பெட்ரோல் பொங்கி மேனிஃபோல்டுக்குள் கொட்டும். தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் இதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மலையில் மட்டும் கரும்புகை வருகிறதா? ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஜெட் அதே ஜெட், காற்று மட்டும் மெலிந்துவிட்டது. கலவையில் பெட்ரோல் பத்தில் ஒரு பங்குக்கும் மேலே கூடிவிடும். மேட்டுப்பாளையத்தில் பட்டுப்போல ஓடிய வண்டி குன்னூர் தாண்டியதும் இருமுவது இதனால்தான். ஒரு நாள் பயணம் வந்தவர் எதையும் தொட வேண்டாம். நீலகிரியிலேயே வண்டி வைத்திருப்பவர் மெயின் ஜெட்டை ஒரு படி சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் இப்போது நடக்கிறது. இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று போதும் என்ற கணக்கில் இந்தக் கார்புரேட்டர் செய்யப்பட்டது. 20 சதவீதக் கலவைக்கு 13.5 கிலோ அளவு போதும். அதாவது அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடுகிறது. சமவெளியில் இருப்பவருக்குப் பிளக் வெளுத்து, பிக்-அப் மந்தமாகி, எஞ்சின் சூடேறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மலையில் இருப்பவருக்கு உயரம் கூட்டுவதும் எத்தனால் குறைப்பதும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். அதனால் ஜெட் மாற்றும் முன் பிளக் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அடுத்தவர் சொன்ன எண்ணை வைத்து அல்ல.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் ஃப்ளோட் அறையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது உலோகம் அரித்த தூள். பழைய ரப்பர் டியூப், டயஃப்ரம் எல்லாம் உப்பி, வெடித்து வரும். டியூப்களை எத்தனால் தாங்கும் வகையாக ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது.

மிதித்தவுடன் ஒரு நொடி திணறுகிறது

எஞ்சினை நிறுத்தி, மேலிருந்து டார்ச் அடித்துக்கொண்டு த்ராட்டிலை (ஆக்சிலேட்டர் மிதித்தால் திறக்கும் தகட்டை) கையால் இழுங்கள். உடனே ஒரு மெல்லிய பெட்ரோல் கீற்று நேராகப் பீச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் ஆக்சிலேட்டர் பம்ப் டயஃப்ரம் போய்விட்டது. ரிப்பேர் கிட்டில் அது இருக்கும். இதற்கு முழுக் கார்புரேட்டர் மாற்றுவது வீண் செலவு.

வேகத்தில் இழுக்கவில்லை

ஐடில் நன்றாக இருக்கிறது, நகரத்துக்குள் சரி, நெடுஞ்சாலையில் எழுபதுக்கு மேல் மூச்சு முட்டுகிறது என்றால் இரண்டாவது துளை திறக்கவில்லை. அதன் டயஃப்ரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், மயிரிழை விரிசல் இருக்கும். அதுவும் சரியென்றால் பெட்ரோல் வரத்து, மேலே சொன்ன பாட்டில் சோதனை.

ஏற்றத்தில் நின்று விடுகிறது

காட்டுப் பாதைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. கார்புரேட்டர் என்பது சமதளத்தில் தேங்கி நிற்கும் ஒரு கிண்ணம் பெட்ரோலை நம்பி இயங்குவது. வண்டி சாயும்போது அந்தக் கிண்ணத்தில் மட்டமும் சாய்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் பெட்ரோல் ஜெட்டை விட்டு விலகிப் பட்டினி. மறுபக்கம் சாய்ந்தால் பெட்ரோல் தானாக வழிந்து துளைக்குள் இறங்கி மூழ்கடிக்கும். இரண்டிலும் வண்டி நிற்கும், சிகிச்சை வேறு.

எப்படிப் பிரிப்பது? நின்ற இடத்தில் பிரேக்கைப் பிடித்து மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது கவனியுங்கள். பெட்ரோல் நாற்றத்தோடு கரும்புகை கக்கிக்கொண்டு எழுந்தால் மூழ்கியிருக்கிறது. சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் எழுந்தால் பட்டினி. மூழ்கும் வண்டிக்கு ஃப்ளோட் மட்டத்தைக் குறியின் கீழ் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள், புது நீடில் போடுங்கள். பட்டினி கிடக்கும் வண்டியில் மட்டம் குறிக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், கியரை நியூட்ரலில் போட்டுப் பின்னோக்கி உருளவிட வேண்டாம். பிரேக்கை மிதித்து, ரிவர்ஸ் கியரில் எஞ்சின் பிடியோடு நேராக இறங்குங்கள். கார்புரேட்டர் வண்டியில் ஏறுகிறவர் இதைப் பழகிய பிறகே பெரிய ஏற்றத்துக்குப் போக வேண்டும்.

வெயிலில் நிறுத்தி எடுத்தால் கிளம்பவில்லை

ஏறி முடித்து, எஞ்சினை நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. நிறுத்திய பிறகு கீழிருந்து ஏறும் சூட்டில் ஃப்ளோட் அறைப் பெட்ரோல் கொதித்து உள்ளே சொட்டியிருக்கும். ஆக்சிலேட்டரை அடித்து அடித்து மிதிக்காதீர்கள். முழுவதுமாக மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். எழுந்ததும் விடுங்கள். அடிக்கடி நடந்தால் கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தடித்த இன்சுலேட்டர் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் மாற்றிய பல வண்டிகளில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் காகிதக் கேஸ்கட்டோடு பூட்டியிருப்பார்கள்.

எதைத் திருப்பினாலும் ஐடில் நிலையாக இல்லை

இப்போதுதான் மாற்றும் பேச்சு. ஜெட் சுத்தம், கசிவு இல்லை, மட்டம் சரி, ஆனாலும் ஐடில் ஒரு நாள் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று, ஒரு நாள் அறுநூறு. த்ராட்டில் கம்பியின் (கேபிள் அல்ல, த்ராட்டில் தகட்டைத் தாங்கும் எஃகு ஷாஃப்ட்) முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரியும் அளவுக்கு ஆடினால் அந்த இடைவெளி வழியாகக் காற்று புகுகிறது. எஞ்சின் ஓடும்போது கம்பி நுழையும் இடத்தில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். ஒரு நிமிடம் ஐடில் சீராகி மறுபடி கெட்டால் உறுதி. காட்டுத் தூசி உப்புத்தாள் போல வேலை செய்து, எஃகுக் கம்பி அலுமினிய உடலைத் தின்றுவிட்டது. எந்த ரிப்பேர் கிட்டும் இதைச் சரிசெய்யாது.

நல்ல லேத் பட்டறையில் அந்தக் கம்பி நுழையும் துளையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் (உள்வளையம்) போட முடியும். கோயம்புத்தூர் போன்ற ஊரில் அப்படிப்பட்ட கை இருக்கிறது. செய்யச் சொல்லும்போது ஒன்றை வலியுறுத்துங்கள்: த்ராட்டில் தகட்டைப் பிடிக்கும் சிறு திருகுகளின் முனையைத் திரும்ப விரித்துப் பூட்ட வேண்டும், லாக்டைட் என்ற திருகுப் பசையும் போட வேண்டும். அதில் ஒன்று கழன்று உள்ளே விழுந்தால் எஞ்சினே போய்விடும்.

புஷ் போட ஆள் கிடைக்காவிட்டாலும், உடல் விரிசல் விட்டிருந்தாலும், மேல் மூடி சேரும் தளம் கண்ணாடிமேல் வைத்துப் பார்க்கும்போது வளைந்திருந்தாலும் மாற்றுங்கள். 970-க்கும் 1298-க்கும் ஜெட் அளவுகள் வேறு, கேட்டு வாங்குங்கள். மாருதி 800-இன் கார்புரேட்டர் 796 சி.சி.க்கானது, அதைப் போட்டு ஓட்டுவது எஞ்சினைப் பட்டினி போடுவதாகும். சென்னை புதுப்பேட்டையில் பழையது வாங்கினால் முதலில் த்ராட்டில் கம்பியை ஆட்டிப் பாருங்கள், பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஜிப்சியின் வெளிநாட்டு உறவான சுஸுகி சாமுராய் வைத்திருப்பவர்கள் வெபர் 32/36 என்ற கார்புரேட்டரைப் போடுவதைப் பார்த்து இங்கேயும் சிலர் அடாப்டர் தகடு வைத்துப் பொருத்துகிறார்கள். நன்றாகச் செய்தால் நன்றாக ஓடும், ஆனால் ஜெட் பொருத்தம் பார்க்கப் பொறுமையும் நேரமும் வேண்டும். முதல் முறை மாற்றுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மாற்றும் முறை

எஞ்சின் ஆறியிருக்கட்டும். பேட்டரி மைனஸ் முனையைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்ததும், கழற்றும் முன், நான்கு பக்கமிருந்தும் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு வெற்றிடக் குழாயிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். இதில் சோம்பல்பட்டால் பின்னால் இரண்டு நாள் போகும்.

பெட்ரோல் டியூப்கள், த்ராட்டில் கேபிள், சோக் கேபிள், சோலனாய்டு வயர், பிறகு அடியில் பூட்டியிருக்கும் நட்டுகள். தூக்கியதும் மேனிஃபோல்டு வாயைச் சுத்தத் துணியால் அடைத்துவிடுங்கள். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது துகள் உள்ளே விழக் கூடாது. இன்சுலேட்டரில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய கேஸ்கட்டைக் காய்ந்தபடியே வையுங்கள், பேஸ்ட் தடவ வேண்டாம். கரைந்த பேஸ்ட் எஞ்சினுக்குள்தான் போய்ச் சேரும். நட்டுகளை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பலம் காட்டினால் அடித்தளம் வளையும், வளைந்தால் புதுக் கார்புரேட்டரிலும் காற்று கசியும். கேபிள் மாட்டியதும் ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, தகடு முழுதாகத் திறந்து, விட்டதும் முழுதாக மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். திரும்பி வராத த்ராட்டிலோடு சாலைக்குப் போகக் கூடாது.

ஸ்டார்ட் செய்யும் முன் செல்ஃப் மட்டும் அடித்து டியூப் முனைகளில் கசிவு பாருங்கள். ஐடில் மிக்ஸ்சர் திருகை மெதுவாக முட்டும் வரை உள்ளே திருகி, இரண்டு முதல் இரண்டரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். எஞ்சின் முழுதாகச் சூடானதும், அந்தத் திருகை ஓட்டம் உச்சமாகும் இடத்துக்குக் கொண்டுபோய், ஐடில் திருகால் 850 சுற்றுக்கு அருகே இறக்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆறிய எஞ்சினில் அடி நட்டுகளை ஒருமுறை பாருங்கள், புதுக் கேஸ்கட் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பிளக்கை மறுபடி கழற்றி நிறம் பாருங்கள். வெளிர் பழுப்பில் வந்துவிட்டால் ஜெட் சரி. கழற்றிய பழைய கார்புரேட்டரைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றி வையுங்கள். அதன் ஜெட்டும் ஃப்ளோட்டும் திருகுகளும் இனிமேல் எளிதில் கிடைக்காது.